அடியிலிருந்து வரும் சத்தம் எதனுடையது? பிக்கப் வண்டி பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்கப் வண்டியின் அடிப்பகுதியிலிருந்து எழும் சத்தங்களைப் பற்றியவை. சத்தம் எப்படி இருக்கிறது என்பதை வாசகர்கள் மிக நன்றாக வர்ணித்திருக்கிறார்கள். ஆனால் அது எப்போது தொடங்குகிறது, எதைச் செய்தால் மாறுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதைப் பலர் எழுதவில்லை. பழுதைக் கண்டுபிடிக்க உதவுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைத் தகவல்தான் என்பதால், கீழே உள்ள பதில்கள் அந்தத் திசையிலேயே செல்கின்றன.

கேள்வி: ஐயா, எனது பிக்கப் வண்டியில் வேகம் 60 கிலோமீட்டரைத் தொடும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு உறுமல் தொடங்குகிறது. ஒரு மெக்கானிக் வீல் பேரிங் என்கிறார், இன்னொருவர் கிரௌன் பினியன் என்கிறார், டயர் கடைக்காரரோ டயர்தான் காரணம் என்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்று நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மூன்று பாகங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி உறுமக்கூடியவை என்பதால் காதை மட்டும் நம்பி யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பதிலாக, அந்தச் சத்தம் எந்தச் சுழற்சியோடு சேர்ந்து ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளுகிறது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 1,000 மீட்டர் ஓடும்போது, சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 முறை, நொடிக்கு ஏழரை முறை சுற்றுகிறது. கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டுதான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்; அதன் பின்முனையில் உள்ள சிறு கியர் பினியன், அது சுழற்றும் பெரிய கியர் கிரௌன் வீல். கிரௌன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.1 ஆகும், அப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 31 முறை சுற்றும். பினியனின் பத்துப் பற்களும் ஒவ்வொரு சுற்றிலும் கிரௌன் வீலோடு கடித்து விலகுவதால், பற்களின் சந்திப்பு நொடிக்கு 310 முறை நிகழும். ஆகவே சக்கரத்தின் சமநிலைக் கோளாறு உடம்பில் உணரக்கூடிய மெதுவான ஆட்டமாகவும், ஷாஃப்டின் கோளாறு தரைத்தகட்டில் பாதங்களுக்குக் கீழே விறுவிறுக்கும் நடுக்கமாகவும், பற்களின் கோளாறு ஒரே சுருதியில் நிற்கும் ஊளையாகவும் வெளிப்படுகின்றன. உங்கள் வண்டியின் விகிதமும் டயர் அளவும் வேறாக இருந்தால் எண்கள் மாறும். ஆனால் இந்த வரிசை மாறாது. டயரின் மேற்பரப்பில் பல பத்துக் கட்டைகள் இருப்பதால் அதுவும் உயர்ந்த சுருதியில் ரீங்கரிக்கக்கூடும் என்ற சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. அதைத் தீர்க்கத்தான் பின்வரும் சோதனைகள்.

வாகன நடமாட்டம் இல்லாத, நேரான சாலையில் 60-ல் ஓட்டிக்கொண்டே கியரை ஒன்று கீழே இறக்குங்கள். வேகம் மாறாமல் இன்ஜின் சுழற்சி மட்டும் உயரும்போது உறுமலின் சுருதி அப்படியே இருந்தால், இன்ஜினும் கிளட்சும் குற்றமற்றவை. தேட வேண்டியது கியர் பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்டிலிருந்து பின்னோக்கித்தான். அடுத்து, மேனுவல் கியர் வண்டியாக இருந்தால், இன்ஜினை ஓடவிட்டபடியே சில நொடிகள் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கவனியுங்கள். இன்ஜினை அணைக்கவே கூடாது; அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். ஆக்சிலரேட்டரை மிதித்தபோதும், காலை எடுத்தபோதும், நியூட்ரலில் உருண்டபோதும் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் கிரௌன் பினியன் மீதுள்ள சந்தேகம் பெரிதும் விலகுகிறது. பற்களில் கோளாறு இருந்தால் சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் குரல் மாறியே தீரும்.

எஞ்சுவது வீல் பேரிங்கும் டயரும். அதே வேகத்தில் ஸ்டியரிங்கை மென்மையாக இடமும் வலமுமாகத் திருப்பி வண்டியைச் சற்றே வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்வதால், அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்கையும், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கையும் சந்தேகிக்கலாம். டயர் இப்படித் திரும்புவதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சாலையின் மேற்பரப்பைத்தான் கண்டுகொள்ளும். கரடுமுரடான கான்கிரீட்டிலிருந்து வழவழப்பான தார்ச்சாலைக்கு வந்தவுடன் உறுமலின் தன்மையே மாறினால் டயர் கடைக்காரர் சொன்னதுதான் சரி. வண்டியை நிறுத்திவிட்டு டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் இரு திசைகளிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல் தடுத்தால் சமமற்ற தேய்மானம் இருக்கிறது. முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் பூட்டினால், உறுமல் டயரோடு இடம்பெயர்வதைக் கேட்கவும் முடியும். இதற்குப் பாகம் எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதால், பேரிங்கைப் பிடுங்குவதற்கு முன்பு இதைச் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று. பிக்கப்பின் பின்பெட்டி காலியாக இருக்கும்போது அது ஒரு பெரிய தகரப் பறைதான். அடியில் எழும் சிறு சத்தத்தையும் பெருக்கிக் காட்டும். சுமை ஏற்றியவுடன் சத்தம் மறைந்துவிட்டது என்பதால் மட்டும் பழுது மறைந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: பினியன் பக்கம் எண்ணெய் கசிந்ததால் ஒரு பட்டறையில் ஆயில் சீலை மாற்றினேன். அதன்பின் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மெலிதாகவும், காலை எடுத்தால் பலமாகவும் ஊளைச் சத்தம் வருகிறது. அடர்த்தியான எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அடர்த்தியான எண்ணெய் ஊளையைச் சில நாள்களுக்கு மந்தமாக்கலாம்; அதன் காரணத்தைத் தொடாது. சீல் மாற்றிய வேலையோடு சத்தம் தொடங்கியிருப்பதால், அந்த வேலையில் கழற்றி மாட்டப்பட்ட ஒரே முக்கியமான பாகமான பினியன் நட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

பினியன் இரண்டு டேப்பர் (கூம்பு வடிவ) பேரிங்குகளின் மேல் நிற்கிறது. அந்த இரண்டு பேரிங்குகளும் ஒன்றையொன்று நோக்கி லேசாக அழுத்தப்பட்டே இருக்க வேண்டும். அப்போதுதான் சுமை ஏறும்போது பினியன் முன்னும் பின்னும் நகராமல் இருக்கும். பல வண்டிகளில் இந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது பேரிங்குகளுக்கு இடையே உள்ள, நட்டை இறுக்க இறுக்க நசுங்கும்படி செய்யப்பட்ட ஒரு மெல்லிய உலோகக் குழல். சீல் மாற்றுபவர் நட்டைக் கழற்றும் முன்பு அதன் நிலையைக் குறித்துவைத்து, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்துகொண்டு, பிறகு அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளக்காமல் காற்றுத்துப்பாக்கியால் இறுக்கினால் குழல் மேலும் நசுங்கி, பேரிங் அளவுக்கு மீறி இறுகி, சூடேறி, எந்த நிலையிலும் ஊளையிடும். குறைவாக இறுக்கினாலோ, பினியன் நகர இடம் கிடைத்து, காலை எடுக்கும்போது பற்கள் தவறான இடத்தில் சந்திக்கும். நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இந்த இரண்டாவது வகையோடு பொருந்துகிறது. ஏற்கெனவே அதிகம் நசுங்கிவிட்ட குழலை நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. தளர்த்தினால் அழுத்தமே இல்லாமல் போகும். புதுக் குழல் போட்டு, அளந்து இறுக்குவதுதான் வழி.

பொதுவாக, மிதிக்கும்போது மட்டும் வரும் ஊளை பற்களின் முன்னோட்டப் பக்கம் தேய்ந்திருப்பதையோ, பினியன் சரியான ஆழத்தில் அமராததையோ காட்டுகிறது. காலை எடுக்கும்போது மட்டும் வருவது பினியனின் தளர்ச்சியைக் காட்டுகிறது. இரண்டு நிலையிலும் சுருதியற்ற கரகரப்பு வந்தால் பற்களைவிட பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் பினியன் பேரிங் ஷாஃப்டின் வேகத்தில் சுற்றுவதால் அதன் கரகரப்பு உயர்ந்த சுருதியிலும், கிரௌன் வீலைத் தாங்கும் பக்க பேரிங்குகள் சக்கரத்தின் வேகத்தில் சுற்றுவதால் அவற்றின் குரல் தாழ்ந்தும் இருக்கும்.

உங்கள் வண்டியை விரைவில் திறந்து பாருங்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிரௌன் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்க்கப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றும் வழக்கம் இல்லை. தவறான இடத்தில் பல நாள் ஓடிய பற்கள் அந்தத் தவறான இடத்திற்கு ஏற்பத் தேய்ந்துவிட்டால், பிறகு நட்டைச் சரியாக இறுக்கினாலும் ஊளை போகாது. ஜோடியையே மாற்ற வேண்டியிருக்கும். அப்படி மாற்றும் நிலை வந்தால், பற்களின் இடைவெளியை டயல் கேஜில் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) அளந்தும், பற்களின் மேல் வண்ணப்பசை தடவித் தொடு அடையாளத்தைப் பார்த்தும் பொருத்துகிறார்களா என்று விசாரியுங்கள். அந்த இடைவெளி பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் கால் பங்குவரைதான். கையால் ஆட்டிப் பார்த்து ஊகிக்கக்கூடிய அளவல்ல. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நிறுத்திய வண்டியை எடுக்கும்போதும், முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியில் 'டங்' என்று ஒரு அடி விழுகிறது. டிஃபரன்ஷியலில் (பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள கியர் தொகுதி) பிளே, அதாவது தளர்ச்சி, அதிகமாகிவிட்டது, கிரௌனை மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. அது சரியா?

பதில்: சரியாகவும் இருக்கலாம், ஆனால் கிரௌன் பற்கள்மீது போடப்படும் இந்தப் பழி பெரும்பாலும் அநியாயமானது. விசையின் திசை மாறும்போது இன்ஜின் மவுண்ட் முதல் சக்கரம்வரை உள்ள அத்தனை தளர்ச்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்து, கடைசியில் ஒரே அடியாகக் காதில் விழுகின்றன. ஆகவே அந்தத் தளர்ச்சி எங்கே சேர்ந்திருக்கிறது என்று இடம் இடமாகப் பார்க்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பிறகு அடியில் சென்று ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டின் (ஷாஃப்ட் வளைந்தபடியே சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு) இருபுறத்தையும் இரு கைகளாலும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள். நல்ல ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் அசைவே இருக்காது. ஊசி பேரிங்கின் மூடியைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகப் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று பொருள். நடைவேகத்தில் ஓடும்போது ஷாஃப்டின் சுழற்சிக்கு ஏற்பக் கிறீச் கிறீச் என்று கேட்பதும் அதே ஜாயிண்டின் முந்தைய கட்டம்தான். கிறீச்சிட்ட காலத்தில் கவனிக்காமல் விட்டு, பிறகு அந்தச் சத்தம் தானாக நின்றுவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் பலருக்கும் அடுத்து வருவது இந்த 'டங்' என்ற அடி.

ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால், வழுக்கி நகரும் ஸ்பிளைன் (நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்ட) பகுதியைப் பாருங்கள். பின்பக்கக் கமான் பட்டைகள் வளைந்து நிமிரும்போது ஷாஃப்டின் நீளம் சற்றே கூடிக் குறைய வேண்டும்; அதற்காகத்தான் அந்த வழுக்குப் பகுதி இருக்கிறது. அது கிரீஸ் இல்லாமல் சிக்கிக்கொண்டால், வண்டி நின்றபின் ஒரு கணம் கழித்தோ, கிளம்பும் கணத்திலோ சட்டென்று விடுபட்டு அடிப்பதுபோல் ஒலிக்கும். கிரீஸ் அடித்தால் போய்விடும் இந்தச் சத்தத்திற்காக டிஃபரன்ஷியலைத் திறந்தவர்கள் உண்டு. கமான் பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளும் அப்படியே; அவை தளர்ந்தால் ஆக்ஸில் இருக்கை இடம் நகர்ந்த பளபளப்பான தடம் தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பின் சக்கரங்கள் அசையாமல் நிற்கும்போதே ஷாஃப்டைக் கையால் கணிசமாகத் திருப்ப முடிகிறது என்றால் அப்போது டிஃபரன்ஷியலுக்கு வரலாம். அங்கும் கிரௌன் பினியன் இடைவெளியைவிட, நடுவில் உள்ள சிறு கியர்களின் வாஷர்கள் தேய்ந்திருப்பதும், அவற்றைத் தாங்கும் குறுக்குத் தண்டு தன் துளையை அகலப்படுத்திவிட்டதும், ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்பிளைன்கள் தேய்ந்திருப்பதும்தான் பெரும்பங்கு தளர்ச்சியைத் தருகின்றன. கிரௌன் ஜோடியை மாற்றிவிட்டு இவற்றைப் பழையபடியே விட்டால் அடி தொடரும்.

அடியில் இருக்கும்போதே, பெட்டிக்குக் கீழே தொங்கும் ஸ்டெப்னி டயரையும் ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் சங்கிலி தளர்ந்து, டயர் சேஸிஸில் மோதும் சத்தம் கேட்டவர்களை முழுமையாக ஏமாற்றக்கூடியது. சைலன்ஸரின் வெப்பத்தடுப்புத் தகடும் அதே ரகம்.

கேள்வி: கிளட்ச் பெடலில் கால் வைத்தால் ஒரு சத்தம் வருகிறது, எடுத்தால் வேறொரு சத்தம் வருகிறது. இரண்டும் ஒரே பேரிங்கா?

பதில்: இரண்டும் வேறு வேறு. பெடலை மிதிக்கத் தொடங்கியதும் தோன்றும் சீறல் கிளட்ச் ரிலீஸ் பேரிங்குடையது. அழுத்தம் ஏறும்போதுதான் அது உழைக்கிறது. நியூட்ரலில் கால் வைக்காமல் நிற்கும்போது கேட்டு, பெடலை முழுவதும் மிதித்ததும் அடங்குவது கியர் பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்டையோ, அதிலிருந்து விசையை வாங்கி மற்ற கியர்களுக்குக் கொடுக்கும் கீழ்த்தண்டையோ தாங்கும் பேரிங்குகளின் சத்தம். மிதித்தவுடன் அந்தத் தண்டுகள் நின்றுவிடுவதால் அடங்குகிறது. கியரில் போட்டு, பெடலை முழுவதும் மிதித்து நிற்கும்போது மட்டும் கேட்டால் ஃப்ளைவீலின் நடுவில் உள்ள சிறு பைலட் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

கீழ்த்தண்டின் பேரிங்கை உறுதிசெய்ய இன்னும் ஒரு வழி உண்டு. பழைய அமைப்பிலான ஐந்து கியர் பெட்டிகளில் நான்காவது கியர் பெரும்பாலும் நேரடி இணைப்பு. விசை கீழ்த்தண்டின் வழியே போவதில்லை. மூன்றிலும் ஐந்திலும் கேட்கும் கரகரப்பு நான்கில் பெரிதும் குறைந்தால், சுமை நீங்கிய கீழ்த்தண்டுதான் குற்றவாளி. இதற்காகப் பெட்டியை இறக்கினால், அதே உழைப்பில் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்; அதற்காக மட்டும் இன்னொரு முறை இறக்குவது வீண்.

கேள்வி: சுமை ஏற்றிக் கிளம்பும்போது 10 முதல் 30 கிலோமீட்டர் வேகம்வரை வண்டியின் நடுப்பகுதி உதறுகிறது. வேகம் கூடினால் நின்றுவிடுகிறது. பின்பக்கத்தை உயர்த்துவதற்காகக் கமான் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். ஷாஃப்டை இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் பயனில்லை.

பதில்: பேலன்ஸ் குறைவாக இருந்தால் வேகம் கூடக்கூட உதறலும் கூடும். உங்களுக்கு நேர்மாறாக நடப்பதால், கோணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கிராஸ் ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடியும் குறைந்தும் சுழலும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயிண்டுகளின் கோணங்கள் சமமாக இருந்தால் முதலாவது உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை இரண்டாவது நேர்செய்துவிடும். ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தால் மிச்சம் உதறலாக வெளிப்படும். கிளம்பும் கணத்தில் பின் ஆக்ஸில் தன் எதிர்விசையால் முறுக்கிக்கொள்வதால் பினியனின் மூக்கு மேலே எழும்புகிறது. நீங்கள் சேர்த்த பட்டை ஆக்ஸிலின் நிலையை ஏற்கெனவே மாற்றியிருப்பதால் அந்த எழும்பல் கோணங்களைச் சமநிலையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. வேகம் கூடி விசை தணிந்ததும் ஆக்ஸில் பழைய நிலைக்குத் திரும்புகிறது, உதறலும் நிற்கிறது.

முதலில் ஷாஃப்டின் நடுவில் உள்ள சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் ஷாஃப்டை ஒரு கையால் மேலே தூக்கினாலே தாராளமாக எழும்பும். இதே உதறலைத் தரும். ரப்பர் நன்றாக இருந்தால், ஒரு கோணமானியைக் கியர் பாக்ஸின் முனை, ஷாஃப்டின் இரு பகுதிகள், பினியனின் முகம் ஆகியவற்றில் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக நீங்கள் ஏற்றும் சுமையோடு அளப்பதுதான் பயனுள்ளது. ஒவ்வொரு ஜாயிண்டின் கோணமும் மூன்று டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதற்காகச் சுத்தமாகப் பூஜ்யமாக்கிவிடவும் கூடாது. சிறிதளவேனும் கோணம் இல்லாவிட்டால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று, சிலுவையில் பள்ளம் பதித்துவிடும். பட்டைக்கும் ஆக்ஸில் இருக்கைக்கும் இடையே சாய்வான ஆப்புத் தகடு வைத்துப் பினியனின் கோணத்தைத் திருத்தலாம். சென்டர் பேரிங்கின் தாங்கியைத் தகடு வைத்து உயரம் மாற்றுவதும் ஒரு வழி.

பேலன்ஸ் செய்வதற்காக ஷாஃப்டை இரண்டு முறை கழற்றி மாட்டியிருப்பார்கள் என்பதால் இன்னொரு சந்தேகமும் எழுகிறது. வழுக்கு ஸ்பிளைனை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் இரு ஜாயிண்டுகளின் கவைகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. அப்போது கோணங்கள் சரியாக இருந்தும் உதறும். கழற்றும் முன்பு வண்ணக்கோடு போட்டு வைத்தார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: ஃபோர் வீலில் போட்டு, காய்ந்த தார்ச்சாலையில் வளைத்துத் திரும்பும்போது முன்பக்கம் இழுத்துப் பிடித்து, 'பட்' என்று வெடிப்பதுபோல் ஒலிக்கிறது. பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் டூ வீலில் அந்தச் சத்தம் இல்லை.

பதில்: உங்கள் வண்டியில் முன்பின் ஆக்ஸில்களைத் தேவைப்படும்போது மட்டும் பூட்டும் வகை அமைப்பு இருக்குமானால் இது பழுதல்ல. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்ல வேண்டும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதால், அந்த வேறுபாடு ஷாஃப்டுகளில் முறுக்காகச் சேர்கிறது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி முறுக்கைத் தணித்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாததால் பிடித்து இழுத்து, பிறகு வெடிப்பதுபோல் விடுபடுகிறது. அந்த அமைப்பைப் பிடிமானமுள்ள காய்ந்த சாலையில் பயன்படுத்தவே கூடாது. லீவர் சிக்கிக்கொண்டால் சில மீட்டர் நேராகப் பின்னோக்கி ஓட்டுங்கள். முறுக்கு தளர்ந்து லீவர் விடுபடும். முன்பின் டயர்களின் தேய்மானத்தில் பெரிய வேறுபாடு இருந்தால் நேர்ச்சாலையிலேயே இந்த முறுக்கு சேரும்.

டூ வீலிலும், முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது 'டிக் டிக்' என்று முன்பக்கம் ஒலித்தால் கதை வேறு. அது முன் சக்கரம் திரும்பியபடியே விசையை வாங்க உதவும் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும்போது பின்பக்கம் நடுங்கி முனகினால், உங்கள் ஆக்ஸில் லிமிட்டெட் ஸ்லிப் வகையா (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) என்று வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகைக்குரிய எண்ணெயோ சேர்மானமோ இல்லாமல் சாதாரண ஹவுசிங் (ஆக்ஸில் பெட்டி) எண்ணெயை ஊற்றினால் உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகள் இப்படித்தான் முனகும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் பிக்கப். 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்திருக்கும்போது, வேகத்தடை வரிகளின் மேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வருகிறது. ஷாஃப்டா?

பதில்: நடுக்கம் வரும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் அந்தத் தொடுதலே டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் விசையை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) லாக்கப் கிளட்சை, அதாவது அதை நேரடியாகப் பூட்டும் கிளட்சை, விடுவித்துவிடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் காரணம் அந்த லாக்கப் கிளட்ச்தான்; ஷாஃப்டைத் தொட வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெயை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வகையில் மாற்றிப் பார்ப்பது முதல் படி. அதில் தீராவிட்டால் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரில் ஓடவிட்டுக் கேட்டால் சத்தம் எங்கிருந்து என்று தெரிந்துவிடாதா?

பதில்: தெரியலாம், ஆனால் ஆபத்தும் அதில்தான். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தச் சக்கரத்தையும் சுழலவிடக் கூடாது. ஆக்ஸில் ஹவுசிங்கின் இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து இரண்டு சக்கரங்களையும் தூக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை வண்டியில் இந்தச் சோதனையே கூடாது. ஸ்டாண்டைச் சேஸிஸுக்குக் கொடுத்தால் ஆக்ஸில் தொங்கி, ஷாஃப்டின் கோணம் மாறி, இல்லாத சத்தம் ஒன்று புதிதாகக் கேட்கும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் டிஃபரன்ஷியல் காரணமாக அது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுற்றும். 40 என்று காட்டும்போது டயர் 80-ல் பறந்துகொண்டிருக்கும். சுழலும் ஷாஃப்டின் கீழே யாரும் நுழையக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் சுமையே இல்லாமல் சுழலும்போது பற்களின் ஊளை பெரும்பாலும் வெளிவராது. வீல் பேரிங்கைத் தேடுகிறீர்கள் என்றால், இன்ஜினை ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி, மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை ஆக்ஸில் முனையில் வைத்துக் கேட்பதே போதும். கரகரப்புள்ள பேரிங் அந்த வேகத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஹவுசிங் எண்ணெயை வடித்தபோது காந்த மூடியில் சாம்பல் நிறப் பசை இருந்தது. இன்னும் சில மாதங்கள் வேலை நிறுத்தாமல் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: மை போன்ற மெல்லிய சாம்பல் பசை இயல்பான தேய்மானம், அதற்காக வண்டியை நிறுத்த வேண்டாம். விரலுக்கு நறநறக்கும் செதில்கள், ஊசிபோன்ற துண்டுகள், பல்லின் முனை போன்றவை இருந்தால் அப்படியே மூடிவிட்டு ஓட்டக் கூடாது. எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்ஸிலின் மேலுள்ள மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது அந்த வழி அடைபட்டிருந்தால், சீல்களின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி நிரப்பும்போது ஹைபாய்ட் பற்களுக்குரிய (கிரௌன் பினியனின் வளைந்த பற்கள்) ஜி.எல்.-5 என்ற தரக்குறியீடு உள்ள கியர் எண்ணெயை, கையேடு சொல்லும் அடர்த்தியில் ஊற்றுங்கள். அதே எண்ணெயைக் கேட்காமல் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், ஏனெனில் ஜி.எல்.-4 கேட்கும் பெட்டிகளின் பித்தளை வளையங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம்.

எத்தனை நாள் ஓட்டலாம் என்பது சத்தத்தைப் பொறுத்தது. பல மாதங்களாகச் சுருதியும் அளவும் மாறாமல் இருக்கும் ஊளையோடு வண்டிகள் நெடுங்காலம் ஓடுகின்றன. எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். வாரத்துக்கு வாரம் கூடுகிற உறுமல் வீல் பேரிங் என்று உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். அது முற்றினால் சக்கரமே நிலைகுலையும். கையால் அசைத்தாலே ஆடும் கிராஸ் ஜாயிண்ட் இருந்தால் ஒரு சுமைகூட ஏற்றாதீர்கள். ஓடும்போது ஷாஃப்டின் முன்முனை கழன்று சாலையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும். பிரேக் குழாய்களும் எரிபொருள் குழாய்களும் அதன் பக்கத்திலேயே செல்கின்றன. அந்த ஜாயிண்டை மாற்ற அரை நாள்கூட ஆகாது.